டிவி வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ஹாலைப் பாருங்க

பொட்டி தட்டுற பொழப்புல ஒரு சங்கடம் இருக்கு மக்களே. ஊர்ல யார் எந்த கரண்ட் சாமான் வாங்கினாலும் நம்மளத்தான் கேப்பாங்க. "தம்பி, எல்இடி நல்லதா, க்யூஎல்இடி நல்லதா, இல்ல அந்த ஓஎல்இடியா? நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே." நான் படிச்சது கோடு எழுத. ஆனா அதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. இந்த தடவை எங்க வில்லாபுரம் வீட்டுக்கே டிவி மாத்த வேண்டிய நேரம் வந்ததால, கொஞ்சம் உக்காந்து படிச்சேன். படிச்சதுல எனக்குன்னு ஒரு கருத்து வந்திருக்கு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன்.

தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். பகல்ல வாசக்கதவு திறந்து கிடக்குற, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் டிவி ஓடுற, அப்பா அம்மா மட்டும் இருக்குற வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம். நல்ல எல்சிடி போதும். "என்னப்பா, எல்சிடியெல்லாம் போயி பல வருசம் ஆச்சே"ன்னு நினைக்கிறவங்க, அடுத்த பகுதியை மட்டுமாவது படிச்சிட்டுப் போங்க.

பேர்ல என்ன இருக்கு? எல்லாமே இருக்கு!

கடைக்குப் போனா இந்த வசனம் கட்டாயம் வரும்: "அண்ணே, இது எல்சிடி இல்லண்ணே, எல்இடி. எல்சிடியெல்லாம் இப்ப யாருண்ணே வாங்குறா?"

விஷயம் என்னன்னா, அந்தப் பையன் காட்டுற எல்இடி டிவியும் எல்சிடிதான். எல்சிடிங்கிறது ஜன்னல் திரை மாதிரி. தானா ஒளி விடாது. பின்னாடி இருந்து வர்ற வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிலயும் எவ்வளவு விடணும், எவ்வளவு மறைக்கணும்னு பாத்துக்கும், அவ்வளவுதான். ஆரம்பத்துல பின்னாடி இருந்த விளக்கு ஒல்லியான ட்யூப்லைட் ரகம். அப்புறம் அந்த இடத்துக்கு எல்இடி வந்துச்சு. 2009 வாக்குல சாம்சங் இதுக்கு "எல்இடி டிவி"ன்னு பேர் வெச்சு வித்தாங்க, மத்த கம்பெனிகளும் பின்னாடியே வந்துட்டாங்க. விளக்குதான் மாறிச்சு, திரை அதேதான். (அந்த விளக்கைக் குறைச்சு மதிப்பிடல. வெள்ளை வெளிச்சம் தர்ற எல்இடி சாத்தியமானதே நீல எல்இடியாலதான். அதைக் கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2014-ல இயற்பியல் நோபல் குடுத்தாங்க.)

சரி, க்யூஎல்இடி? அந்த விளக்குக்கும் திரைக்கும் நடுவுல குவாண்டம் டாட்னு ஒரு படலம். நீல வெளிச்சத்தை வாங்கி, சுத்தமான சிவப்பாவும் பச்சையாவும் மாத்திக் குடுக்கும். நிறம் நல்லா இருக்கும், பொய் இல்ல. குவாண்டம் டாட்டுக்கும் 2023-ல வேதியியல் நோபல் கிடைச்சிருக்கு. ஆனா படலத்தை எடுத்துட்டுப் பாத்தா, அதுவும் எல்சிடிதான். 2017-ல இருந்து இந்தப் பேரு சாம்சங் டிவிகள்ல வருது, இப்ப ஏகப்பட்ட கம்பெனிகள் போடுறாங்க. மினி எல்இடின்னா பின்னாடி இருக்குற விளக்குகளை ரொம்பச் சின்னதாக்கி, எண்ணிக்கையை ஏத்தி, பகுதி பகுதியா மங்கவும் அணைக்கவும் முடியுற மாதிரி செஞ்சது. கருப்பு நல்லா வரும். அதுவும் எல்சிடி குடும்பம்தான்.

ஓஎல்இடி மட்டும்தான் வேற ரகம். அதுல பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கருப்புன்னா நிஜமாவே கருப்பு. 1987-ல கோடாக் கம்பெனில சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் செஞ்சு காட்டின விஷயம் இது. 2007-ல சோனி 11 இன்ச்ல ஒரு டிவி விட்டுச்சு. 2013-ல எல்ஜி 55 இன்ச்ல கொண்டு வந்துச்சு. அப்புறம் 2022-ல க்யூடி-ஓஎல்இடின்னு ஒண்ணு வந்துச்சு. பேர்ல க்யூ இருந்தாலும் அது ஓஎல்இடிதான். இங்கிலீஷ்ல ஓ எழுதி ஒரு வால் போட்டா க்யூ. அந்த ஒரு வாலுக்கு விலைல பல ஆயிரம் வித்தியாசம். கடைல அவசரத்துல பாக்குற எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு இது எப்படிங்க தெரியும்?

ஆக, ரெண்டே ரெண்டு குடும்பம். எல்சிடி ஒண்ணு, ஓஎல்இடி ஒண்ணு. பெட்டி மேல எழுதியிருக்குற மத்ததெல்லாம் இந்த ரெண்டுக்குள்ள இருக்குற வகைகள்.

எங்க ஹால் எப்படின்னா...

வில்லாபுரம் மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை ரோட்டுல, அவனியாபுரத்துக்கும் ஏர்போர்ட்டுக்கும் போற வழில இருக்குது. மதுரை வெயில் எப்படின்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வீட்டை மூடி வெச்சா உள்ள உக்கார முடியாது. அதனால வாசக்கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடக்கும். டிவிக்கு எதிர்ல வாசல். சாயங்காலம் ஆச்சுன்னா ட்யூப்லைட். லைட்டை அணைச்சிட்டு டிவி பாக்குற பழக்கமே கிடையாது, விளக்கு வெக்கிற நேரத்துல இருட்டுல உக்காந்தா அம்மா திட்டும்.

பாக்குறவங்களும் நேர் எதிர்ல உக்காந்து பாக்குறதில்ல. அப்பா நாற்காலில, அம்மா அடுப்படி வாசல்ல இருந்து, பக்கத்து வீட்டு அத்தை சுவரோரமா தரையில. எங்க பக்கம் வீட்ல உக்காந்து ஊதுபத்தி உருட்டுற பெண்கள் நிறைய. அவங்களுக்குக் கை பலகைல இருக்கும், காது டிவில இருக்கும், கண்ணு அப்பப்ப பக்கவாட்டுல இருந்து எட்டிப் பாக்கும்.

இப்ப ஒரு சின்ன கணக்கு போடுவோம், இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது செய்ய வேணாமா?

ஓஎல்இடியோட கான்ட்ராஸ்ட் "எல்லையில்லாதது"ன்னு விளம்பரம் பண்றாங்க. இருட்டு அறையில அது உண்மை. ஆனா நம்ம ஹால்ல திரை மேல 300 லக்ஸ் வெளிச்சம் விழுதுன்னு வெச்சுக்குவோம். அதுல 1 சதவீதத்தைத் திரை எல்லாப் பக்கமும் சிதறடிச்சாலே, கருப்பா இருக்க வேண்டிய இடத்துல சுமார் 1 நிட் வெளிச்சம் ஏறிடும். ரெண்டு டிவிலயும் வெள்ளை 300 நிட்னு வெச்சா, ஓஎல்இடில கான்ட்ராஸ்ட் 301-க்கு 1. சாதாரண ஐபிஎஸ் எல்சிடிக்கு இருட்டுல 1000-க்கு 1 இருக்கும், அதாவது அதோட சொந்தக் கருப்பு 0.3 நிட். அதோட இந்த 1 நிட்டைச் சேத்தா 231-க்கு 1. இருட்டுல 4000-க்கு 1 வர்ற விஏ எல்சிடின்னா 280-க்கு 1.

பாத்தீங்களா? எல்லையில்லாததுக்கும் ஆயிரத்துக்கும் இருந்த அகலமான வித்தியாசம், வாசக்கதவைத் திறந்த உடனே 301-க்கும் 231-க்கும் சுருங்கிப் போச்சு. கடைல நாம அசந்து நின்ன அந்தக் கருப்பு, நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல. அதுக்குத்தான் கடைக்காரங்க ஓஎல்இடியை மங்கலான மூலைல வெச்சு, மையிருட்டுல வைரம் மின்னுற மாதிரி டெமோ வீடியோ ஓட்டுறாங்க.

மூலைல இருக்குற லோகோ

ரெண்டாவது பிரச்சனை இதைவிடப் பெருசு. ஓஎல்இடில ஒவ்வொரு புள்ளியும் எரிய எரியத் தேயும். ஒரே இடத்துல ஒரே பிரகாசமான உருவம் பல நூறு மணி நேரம் நின்னா, அந்தப் புள்ளிகள் மட்டும் அதிகமாத் தேஞ்சு, நிழல் மாதிரி தங்கிடும். கனடாவுல டிவிகளைச் சோதிக்கிற ஆர்டிங்ஸ்னு ஒரு தளம், 2018-ல ஆறு ஓஎல்இடி டிவிகளை ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓட விட்டுப் பாத்தாங்க. சிஎன்என் செய்தி சேனல் ஓடின டிவில செய்திப்பட்டை அச்சா பதிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த திரைகள் நிறைய முன்னேறியிருக்கு, அதையும் சொல்லணும்.

ஆனா நம்மூர் செய்திச் சேனலை ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க. கீழ ஒரு பட்டை, அதுக்குக் கீழ ஓடுற பட்டை, மேல லோகோ, இந்தப் பக்கம் மணி, தேர்தல் வந்தா நாலு பக்கமும் பெட்டி. நடுவுல கொஞ்சூண்டு இடத்துல செய்தி. சிஎன்என் எல்லாம் இதுக்கு முன்னாடி சன்யாசி. செய்தி முடிஞ்சா சீரியல், அங்கயும் அதே மூலைல சேனல் லோகோ. ஒரே சேனல்ல நாலு மணி நேரம் உக்காந்திருக்குறது நம்ம வீடுகள்ல சர்வ சாதாரணம்.

இன்னொண்ணு. இந்தத் தேய்மானத்தைச் சமன் பண்ண ஓஎல்இடி டிவிகளே ஒரு வேலை பாக்கும். மொத்தமா ஒரு நாலு மணி நேரம் ஓடினதும், நாம ரிமோட்ல அணைச்ச பின்னாடி, ஸ்டாண்ட்பைல இருக்கும்போது, தன்னைத்தானே சரி பண்ணிக்கும். அதுக்கு பிளக்குல கரண்ட் இருக்கணும். எங்க வீட்ல? படுக்கப் போகும்போது சுவர்ல இருக்குற சுவிட்சை "டக்"குன்னு அணைச்சிட்டுத்தான் அம்மா போகும். இடி இடிச்சா பிளக்கையே புடுங்கிடும். அது முப்பது வருசப் பழக்கம், சரியான பழக்கமும்கூட. ஒரு டிவிக்காக அதை மாத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. மாத்தவும் மாட்டாங்க, அது வேற விஷயம்.

ஒரு புள்ளி இருபது புள்ளி ஆகும்

அடுத்து 4கே. இந்த 4கே திரைல 3840 x 2160 புள்ளி, கிட்டத்தட்ட 83 லட்சம். கேபிள்ல வர்ற சாதாரண சேனல் 720 x 576, நாலே கால் லட்சத்துக்கும் கீழ. வகுத்துப் பாருங்க, சரியா 20 வரும். அதாவது வர்ற ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி பத்தொம்பது புள்ளியை ஊகிச்சு நிரப்பணும். இந்த ஊகத்தைச் சரியாச் செய்யுற டிவிதான் நமக்கு நல்ல டிவி. அதுக்கும் ஓஎல்இடியா எல்சிடியாங்கிறதுக்கும் நேரடி சம்பந்தமே இல்ல. அது உள்ள இருக்குற பிராசசர் வேலை.

அதனால கடைல டெமோ வீடியோ பாத்து முடிவு பண்ணாதீங்க. "தம்பி, கேபிள்ல ஒரு சாதா சேனல் போடுப்பா"ன்னு கேளுங்க. முகம் சுளிப்பாங்க. பரவால்ல, காசு நம்மளது.

அளவைப் பத்தியும் ஒண்ணு. 43 இன்ச் டிவிய எட்டு அடி தள்ளி உக்காந்து பாத்தா, ஃபுல் ஹெச்டி புள்ளிகளையே சாதாரணக் கண்ணால தனித்தனியாப் பிரிக்க முடியாது. 4கே-வோட முழுப் பலன் வேணும்னா பெரிய திரை வேணும், இல்லன்னா கிட்ட உக்காரணும். இன்னைக்கு 43-ல நல்ல மாடல்லாம் 4கே-யாத்தான் வருது, வாங்கிக்கலாம். ஆனா அதுக்காகத் தனியாக் காசு குடுக்காதீங்க.

ரிப்பேருக்கு யார் வருவா?

இதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது. 2006 செப்டம்பர்ல கலைஞர் ஆட்சில இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சாங்க. 14 இன்ச் குண்டு டிவி. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல வீடுகளுக்குப் போச்சு. அந்த டிவிய நக்கல் அடிச்சவங்க நிறைய. ஆனா பல வீடுகள்ல அது பத்து வருசத்துக்கு மேல ஓடுச்சு. ஏன்னா தெருவுக்குத் தெரு ஒரு மெக்கானிக் இருந்தாரு, சால்டரிங் கம்பியோட வந்து உக்காந்தா ஒரு மணி நேரத்துல படம் வந்துரும்.

இன்னொரு பக்கம் பிளாஸ்மாவைப் பாருங்க. படம்னா அந்தக் காலத்துல அதுதான் படம். பயனியர் 2009-லயே ஒதுங்கிட்டாங்க, பானசோனிக் 2013-ல உற்பத்தியை நிறுத்தினாங்க, மத்தவங்களும் அடுத்த வருசம் மூட்டை கட்டிட்டாங்க. படம் நல்லா இருந்தா மட்டும் ஒரு டெக்னாலஜி பொழைக்காது.

இன்னைக்கு சாதாரண எல்சிடி டிவில அடிக்கடி போறது பின்விளக்குப் பட்டை. சத்தம் வரும், படம் வராது. டார்ச் அடிச்சுக் கிட்டப் போயி பாத்தா உள்ள படம் லேசா ஓடிட்டிருக்கும். அப்படித் தெரிஞ்சா பேனல் நல்லா இருக்கு, விளக்குதான் போச்சுன்னு அர்த்தம். நம்மூர் மெக்கானிக்கே பட்டையை மாத்திடுவாரு, சில ஆயிரத்தோட முடியும். ஓஎல்இடில அந்த மாதிரி கழட்டி மாட்டத் தனி விளக்கு கிடையாது. திரையே விளக்கு. போனா பேனலைத்தான் மாத்தணும், அது கிட்டத்தட்ட புது டிவி விலை. எல்சிடிலயும் பேனல் உடைஞ்சா அதே கதிதான், ஆனா விளக்கு போறது பேனல் போறதைவிட சகஜம்.

நான் இருக்குறது வெளியூர்ல. டிவி போச்சுன்னா, கம்பெனி ஆள் எப்ப வருவான்னு போனைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கப் போறது அப்பா. நம்மள்ல நிறைய பேரு செய்யுறது என்னன்னா, தீபாவளிக்கு ஊருக்கு வந்து, நமக்குப் புடிச்ச டிவிய வாங்கி மாட்டி, ரெண்டு நாள் படம் பாத்துட்டு பஸ் ஏறிடறோம். மீதி 360 நாளும் அதோட குடித்தனம் பண்றது அவங்க. அப்ப யாரோட கண்ணுக்கு டிவி வாங்கணும்?

அப்ப ஓஎல்இடி வேஸ்டா?

இல்லவே இல்ல. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு தனியா உக்காந்து படம் பாக்குற ஆளா? பெட்ரூம்ல மாட்டப் போறீங்களா? கேம் ஆடுறவரா? தாராளமா ஓஎல்இடி வாங்குங்க. இருட்டுல அதை அடிக்க ஆளே இல்ல. பக்கவாட்டுல இருந்து பாத்தாலும் நிறம் மாறாது, அதுல எல்சிடியைவிட ஒரு படி மேலதான். நான் மட்டும் தனியா இருக்குற ரூமுக்குன்னா நானே அதைத்தான் வாங்குவேன். ஆனா 43 இன்ச் எல்சிடிக்கும் 55 இன்ச் ஓஎல்இடிக்கும் விலைல மூணு நாலு மடங்கு வித்தியாசம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிகளுக்கு ஜிஎஸ்டியை 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைச்சாங்க, விலை இறங்குச்சு, சரி. ஆனா இறங்கின காசை வெச்சு பெரிய இஎம்ஐக்குத் தாவுறதுக்கு அது காரணம் ஆகாது. கொஞ்சம் கூடப் போட முடியும்னா நடுவுல மினி எல்இடி இருக்கு. வெளிச்சம் அதிகம், லோகோ பதியுற பயமும் இல்ல.

கடைக்குப் போகும்போது

1. திரைல ஒரு முகம் வர்றப்ப பக்கவாட்டுல நடந்து பாருங்க. நிறம் வெளுத்துச்சுன்னா அனேகமா விஏ பேனல். வெளுக்கலன்னா ஐபிஎஸ். எங்க வீடு மாதிரி ஆளாளுக்கு ஒரு மூலைல உக்காந்து பாக்குற வீட்டுக்கு ஐபிஎஸ். எல்லாரும் நேரா உக்காந்து, அதிகமா ராத்திரில பாக்குற வீட்டுக்கு விஏ.

2. ரொம்ப ஒல்லியான எல்சிடி வேண்டாம். ஒல்லியா இருக்கணும்னா விளக்குகளை ஓரத்துல நெருக்கி வெக்கணும், சூடு அங்கயே சேரும். ஆர்டிங்ஸ் நூறு டிவிகளை வெச்சு நடத்தின நீண்ட நாள் சோதனைலயும் இந்த ஓரவிளக்கு டிவிகள்தான் அதிகமா அடி வாங்குச்சு. கொஞ்சம் தொப்பை இருக்குற டிவி நல்லது. (நமக்கும் ஒரு ஆறுதல்.)

3. "ஸ்மார்ட்"டுக்குக் காசு குடுக்காதீங்க. மூணு நாலு வருசத்துல அந்த சாஃப்ட்வேர் திணற ஆரம்பிச்சிடும். நாங்க எழுதுற சாஃப்ட்வேர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பின்னாடி ஒரு ஸ்டிக் சொருகினா வேலை முடிஞ்சுது. திரைக்குக் காசு குடுங்க.

4. வாரண்டி கார்டுல பேனல் எத்தனை வருசம்னு தனியாக் கேளுங்க. ஓஎல்இடின்னா, படம் பதியுறது வாரண்டில வருமான்னு எழுத்துல கேளுங்க.

5. வீட்டுக்கு வந்ததும் விவிட் மோடை மாத்துங்க. பின்விளக்கை 100-ல இருந்து 60, 70-க்கு இறக்குங்க, கண்ணுக்கும் நல்லது, விளக்கும் அதிக நாள் வரும். மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், அதை அணைச்சிடுங்க. இல்லன்னா மணிரத்னம் படமும் மத்தியான சீரியல் மாதிரியே தெரியும்.

எங்க வீட்டுக்கு 43 இன்ச், ஐபிஎஸ், கொஞ்சம் தொப்பை உள்ள எல்சிடின்னு முடிவாகியிருக்கு. மாடல் பேரைச் சொல்லல, அது ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாறும். ஹாலோட வெளிச்சமும் அம்மா சுவிட்சை அணைக்கிற பழக்கமும் மாறாது. அதை வெச்சு முடிவு பண்ணினா தப்பாது.

இங்க எழுதுற, படிக்கிற நண்பர்கள்ல யாராவது ஓஎல்இடி வாங்கி, அதுல மூணு வருசத்துக்கு மேல தமிழ் செய்திச் சேனல் ஓட்டியிருந்தா, லோகோ பதிஞ்சுதா இல்லையான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கனடாக்காரன் சோதனையைவிட, மதுரைக்காரன் அனுபவம்தான் நமக்கு வேணும். சும்மா "அருமையான பதிவு"ன்னு போட்டுட்டு ஓடிடாதீங்க.

டிஸ்கி: எந்த டிவி கம்பெனிக்காரனும் இதுக்கு எனக்குக் காசு குடுக்கல. குடுக்க நினைச்சா ஓஎல்இடியாவே குடுக்கலாம், என் ரூம்ல மாட்டிக்கிறேன்.